பல் தெரிகிற படம்

செலோரேப்பைப் பிய்த்து, சுற்றியிருந்த பொலித்தீனை விரித்ததும் றெஜினோல்ட் கேட்ட முதல் கேள்வி, “இது ஆர்?” என்பதுதான்.

வாசலில் நின்ற யனுஷன் முழித்தான். லண்டன் நோர்பரியில் படக்கடை வைத்திருக்கிற பொடியன். கலியாண அல்பம், பிறந்தநாள் பனர், மரண அறிவித்தல், எல்லாம் அவனிடம்தான். காலை எட்டரைக்கே படத்துக்குச் சட்டம் போட்டு, மிச்சம் என்கிற ஊரில் இருக்கிற இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறான். இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

“அன்ரிதான், அங்கிள்.”

“எந்த அன்ரி?”

சட்டத்துக்குள் மெரூன் காஞ்சிபுரம் கட்டிய ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் அட்டியல். பின்னால் நீல வானம், வானத்தின் மூலையில் ஒரு கொத்து ரோசாப்பூ. உதடுகள் இரண்டும் ஒட்டி மூடியிருந்தன. கண்கள் மட்டும் அவர் மனைவி ஏஞ்சலாவுடையவை. மேலே கண் சிரிக்க, கீழே வாய் மூடியிருக்க, பல்வலியை வெளியே சொல்லாமல் விருந்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

றெஜினோல்ட் அனுப்பியது இந்தப் படம் இல்லை. அவர் அனுப்பிய படத்தில் சேலையும் இல்லை, அட்டியலும் இல்லை. கடற்கரையில், தலைமயிர் பறக்க, அவருடைய கறுப்புக் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏஞ்சலா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிகூடத் தெரிந்தது.

“நான்தான் சொன்னனான்,” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. டொலறஸ் அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றார். “நீ அனுப்பின படத்தைப் பாத்தனான் தம்பி. பல்லு முழுக்க வெளியாலை. தலை ஒரு பக்கம் பறக்குது. உன்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். செத்தவீட்டுக்கு வாற சனம் என்ன கதைக்கும்? அதுதான் போன் பண்ணி, வடிவாச் செய்யச் சொன்னனான்.”

“எல்லாரும் இப்பிடித்தான் செய்விக்கிறவை, அங்கிள்,” என்றான் யனுஷன், சாட்சி சொல்ல வந்தவன்போல. “ஆம்பிளையளுக்குக் கோட்டும் ரையும் போட்டு விடுறனாங்கள். பொம்பிளையளுக்குச் சாறி.”

பத்தரைக்குப் பெட்டியோடு கறுப்பு வாகனம் வீட்டு வாசலுக்கு வரும். பதினொன்றரைக்கு மாதா கோயிலில் பூசை. நோய் மூன்றே மாதத்தில் ஏஞ்சலாவை அரித்துத் தின்றுவிட்டபடியால் பெட்டியைத் திறப்பதில்லை என்று மகள் ஜெஸ்ரினும் அவரும் முடிவெடுத்திருந்தார்கள். ஆகவே, வருகிற முந்நூறு பேரும் ஏஞ்சலாவைக் கடைசியாகப் பார்க்கப்போவது இந்தச் சட்டத்துக்குள்தான்.

“கழுத்துக்குக் கீழை இது ஆற்றை உடம்பு?” என்று கேட்டார் றெஜினோல்ட்.

யனுஷன் தலையைக் குனிந்தான். “தெரியாது அங்கிள். கொம்பியூட்டரிலை கிடந்தது.”

மாடிப்படியில் நின்ற ஜெஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன ஒன்பது நாளில் முதல் தடவை. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கை வாய்க்குப் போனதைத்தான் றெஜினோல்ட் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கோட்டை எடுத்துப் போட்டார்.

“யனுஷன், கடையைத் திற. போவம்.”

“தம்பி!” டொலறஸ் அக்காவின் குரல் உயர்ந்தது. “விசரே உனக்கு? பத்தரைக்கு அவள் வாசலுக்கு வந்திடுவாள். புருசன் இல்லாட்டி ஆர் நிக்கிறது? ஒரு படத்துக்காக ஓடித் திரியிறியே?”

“அப்பா, நான் போறன். நீங்கள் நில்லுங்கோ,” என்றாள் ஜெஸ்ரின்.

“இல்லை. நான்தான் போகவேணும்.”

“இந்தப் படத்துக்கு என்ன குறை? எவ்வளவு அடக்கமா இருக்கிறாள்!” என்றார் அக்கா.

“அதுதான் குறை,” என்றார் றெஜினோல்ட். “அக்கா, நீங்கள் சும்மா இருங்கோ.”

எண்பத்தாறாம் ஆண்டு றெஜினோல்டை லண்டனுக்கு எடுப்பித்தது டொலறஸ் அக்கா. வேலை எடுத்துக் கொடுத்தது, பெண் பார்த்தது, ஜெஸ்ரினுக்குப் பெயர் வைத்தது, எல்லாம் அக்கா. நாற்பது வருடத்தில் தம்பியின் வாயிலிருந்து அக்காவுக்கு எதிராக ஒரு சொல் வந்ததில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. வந்த சொல்லைத் திருப்பி எடுக்க நேரமில்லாமல் அவர் யனுஷனின் வான் வண்டியில் ஏறிவிட்டார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுசனுக்குப் பக்கத்து சீற்றில் இருப்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம். கார்கள் நத்தையாக ஊர்ந்தன. இடதில் திரும்பு, அந்த லைற்றுக்குப் போகாதே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். மடியில் மெரூன் சேலைக்காரி மூடிய வாயோடு கிடந்தாள்.

அந்தக் கடற்கரை இத்தாலியில் இருக்கிறது. ஊரின் பெயர் செசெனாத்திக்கோ. ஏஞ்சலாவோடு பள்ளிக்கூடக் கிச்சினில் வேலை செய்த இத்தாலிக்காரி ஒருத்தியின் சொந்த ஊர். கோடையில் போனால் சனம் காலில் மிதிக்கும், குளிர்காலத்தில் போ, மலிவு என்று அவள் சொல்லியிருக்கிறாள். மலிவு என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு றெஜினோல்ட் தலையாட்டினார். போன பெப்ரவரி, அரைத்தவணை லீவு.

ஸ்ரேசனிலிருந்து கடல்வரை நடந்தபோது திறந்திருந்தது ஒரு மருந்துக்கடை மட்டும்தான். ஐஸ்கிறீம் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தது. ஹோட்டல்கள் வரிசையாக யன்னலை இறக்கிவிட்டு நித்திரையாகக் கிடந்தன. உடுப்பு மாற்றுகிற சின்னச் சின்ன மர அறைகள் கடற்கரை நீளத்துக்கு நின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஆமைப்பூட்டு. அலை ஊருக்குள் வந்துவிடாமல் புல்டோசரால் மணலை ஆளுயரத்துக்குக் குவித்துவைத்திருந்தார்கள். கடற்கரைக்குப் போயும் கடல் தெரியவில்லை.

“பூட்டின ஊரைப் பாக்கப் பிளேன் ஏறி வந்த ஆக்கள் உலகத்திலை நாங்கள் ரண்டு பேரும்தான்,” என்றார் றெஜினோல்ட்.

ஏஞ்சலா நல்ல சப்பாத்தோடு மணல் மேட்டில் கையும் காலுமாக ஏறினாள். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வருத்தம் வேறு. உச்சியில் நின்று, “இஞ்சாருங்கோ! கடல் இஞ்சைதான் இருக்கு, ஓடி வாங்கோ,” என்று கூப்பிட்டாள். ஏதோ அவளே தேடிக் கண்டுபிடித்த கடல்மாதிரி.

இரண்டாம் நாள் மழை. ஊருக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடும், அதில் பழைய மீன்பிடி வள்ளங்கள் கட்டிக் கிடக்கும். அதன் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை. கதிரைகள் எல்லாம் மேசைக்கு மேலே தலைகீழாகக் கிடந்தன, பின்னால் மட்டும் ஒரு வெளிச்சம். ஏஞ்சலா கண்ணாடியில் மூக்கை ஒட்டி எட்டிப் பார்த்தாள். றெஜினோல்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “வாரும், பிச்சைக்காரர் எண்டு நினைக்கப்போகினம்,” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

கதவு திறந்தது. ஒரு தடித்த மனுசி, கை முழுக்கக் கணவாய் மை. கடை பூட்டு என்று கையால் காட்டினாள். ஏஞ்சலா அந்தக் கையைப் பார்த்தாள், தன் சட்டைக் கையை மடித்துவிட்டாள், உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இருபத்திரண்டு வருடம் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். எந்த நாட்டுக் குசினியும் அவளுக்குத் தன் வீட்டுக் குசினிதான். மன்னார்க்காரிக்குக் கணவாய் துப்புரவாக்க ஆரும் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? ஒரே இழுவையில் ஓடு வந்தது, அடுத்த இழுவையில் தோல். அந்த மனுசி தன் புருசனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்று மத்தியானம் கடைக்காரர் சாப்பிடுகிற மேசையில் அவர்களும் சாப்பிட்டார்கள். ஏஞ்சலா தமிழில் கதைத்தாள், அவர்கள் இத்தாலியனில் கதைத்தார்கள், ஆளுக்காள் விளங்கிக்கொண்டு சிரித்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த றெஜினோல்ட்தான் ஊமையாக இருந்து சாப்பிட்டார்.

வெளியே வந்து குடை விரித்தபோது, “உமக்கு என்னத்துக்கு இந்தக் கண்டறியாத ஊர் இவ்வளவு பிடிச்சது?” என்று கேட்டார்.

“ரண்டு மணிக்குப் பிள்ளையளெல்லாம் சாப்பிட்டுப் போனாப்பிறகு எங்கடை கிச்சின் இப்பிடித்தான் இருக்கும்,” என்றாள் ஏஞ்சலா. “எல்லாம் கழுவித் துடைச்சு, கதிரையெல்லாம் மேலை ஏத்தி, ஒரு சத்தம் இராது. ஒரு பத்து நிமிசம் நான் ஒருத்தரோடையும் கதைக்காமல் நடுவிலை நிப்பன். எனக்கு ஒரு நாளிலை ஆகப் பிடிச்ச நேரம் அதுதான். இஞ்சை முழு ஊரும் அப்பிடி இருக்கு.”

முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப்பற்றி அவருக்குத் தெரியாது. இவள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று அந்த மழைக்குள் அவருக்குத் தோன்றியது. குடையை அவள் பக்கம் கொஞ்சம் சரித்துப் பிடித்தார்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. பின்னேரம் கடற்கரையில் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஏஞ்சலாவுக்குக் குளிர, கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். கடலுக்கு முன்னால் அவளை நிறுத்தி, முழு ஆளும் வரவேண்டும் என்று பின்னுக்கு நடந்தார். புல்டோசர் தோண்டிய குழி ஒன்றில் தண்ணீர் நின்றது. கால் தவறி அதற்குள் அப்படியே குந்திவிட்டார். எழும்பி, களிசானிலிருந்து தண்ணீர் ஒழுக, ஒன்றும் நடக்காததுமாதிரிப் போனைத் தூக்கிப் பிடித்து, “சரி, வடிவா நில்லும்,” என்றார்.

அதற்குப் பிறகு அவள் எங்கே வடிவாக நிற்பது? ஏஞ்சலாவின் சிரிப்பு சின்னச் சிரிப்பு இல்லை. மிச்சத்து வீட்டில் சிரித்தால் மூன்று வீடு தள்ளி இருக்கிற போலந்துக்காரன் தானும் சிரிப்பான். கலியாண வீடுகளில் மேசைக்குக் கீழே அவள் முழங்காலைத் தட்டி, “மெல்லமாச் சிரியும், ஆக்கள் பாக்கினம்,” என்று றெஜினோல்ட் சொன்னது ஒரு தடவையா இரண்டு தடவையா? அன்றும் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, வாயை மூடும், பல்லு தெரியுது என்று காற்றுக்குள் கத்தினார். அப்படியே படத்தைத் தட்டினார்.

“கடை வந்திட்டுது அங்கிள்,” என்றான் யனுஷன்.

கடைக்குள் குளிர்ந்து கிடந்தது. கொம்பியூட்டர் விழித்துக்கொள்ளவே ஐந்து நிமிடம் எடுத்தது. பார்த்தால், அதற்குள் சேலைகள் மட்டும் ஒரு கூட்டம். கூறை, காஞ்சிபுரம், வெள்ளை நூல், அறுபது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குச் சாம்பல் நிறம். எல்லாம் தலை இல்லாமல் வரிசையாக நின்றன. யனுஷன் அவசரமாக அதை மூடினான்.

பிறகு உண்மையான படம் திரை முழுக்க வந்தது.

றெஜினோல்ட் கதிரையைப் பிடித்துக்கொண்டார். போனுக்குள் அவள் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. கடலுக்குள் கிடக்கிற கல்லணை, அதில் மோதித் தெறிக்கிற நுரை, கண்ணுக்குக் குறுக்கே விழுந்த நரைமயிர், கோட்டுக் கையிலிருந்து பாதி மட்டும் தெரிகிற விரல்கள். நடுவில் அந்தச் சிரிப்பு. என்ன வடிவான மனுசி என்று நினைத்தார். நினைத்த கையோடு கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

“ஒண்டிலையும் கை வைக்காதை. இப்பிடியே அடி.”

“பல்லு இடைவெளியை மட்டும் சின்னனா…”

“கை வைக்காதை எண்டனான்.”

“சரி அங்கிள். கீழை கிடக்கிற உங்கடை நிழலையாவது எடுத்துவிடட்டே? அது எல்லாரும் எடுக்கிறதுதான்.”

அப்போதுதான் றெஜினோல்ட் அதைக் கவனித்தார். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து அவருடைய நிழல் ஈர மணலில் நீளமாக விழுந்து, ஏஞ்சலாவின் சப்பாத்துவரை போயிருந்தது. நிழலின் ஒரு கை தலைக்கு மேலே நின்றது. அவள் சிரித்துக்கொண்டு நிற்க, இந்தக் கை அவளைப் பார்த்து, மூடும், மூடும் என்று சொல்லிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில், கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்னம், “பெப்ரவரிக்கு டிக்கெட் போட்டியளோ?” என்று ஏஞ்சலா கேட்டாள்.

“முதல் எழும்பி நடவும். பிறகு பாப்பம்.”

“இந்த முறை மாத்துக் களிசான் ஒண்டு கொண்டு வாங்கோ,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். குரல் போய், உடம்பு போய், எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ, வார்ட் முழுக்கக் கேட்டது. றெஜினோல்ட் பழக்கதோசத்தில், “மெல்ல, ஆக்கள் படுத்திருக்கினம்,” என்றார். அவள் சொல்வழி கேட்டு மெல்லமானாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

சிரிக்க ஏலாமல் போனது நோயாலா, தான் சொன்னதாலா என்று ஒன்பது நாளாக அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“அங்கிள்?” யனுஷன் மவுசில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். “ஒரு தட்டுத் தட்டினாப் போயிடும். ஒருத்தருக்கும் தெரியாது.”

றெஜினோல்ட் திரையிலிருந்த நிழல் கையைப் பார்த்தார். எடுத்துவிட்டால் படத்தில் அவள் மட்டும் இருப்பாள். ஒரு கரைச்சலும் இல்லை.

“வேண்டாம்,” என்றார். “அது நான் செய்த வேலைதானே. கிடக்கட்டும்.”

மெசின் படத்தை அங்குலம் அங்குலமாகத் துப்பியது. முதலில் வானம், பிறகு பறக்கிற தலைமயிர், பிறகு நெற்றி. பழைய சட்டத்தைக் கழற்றி மெரூன் சேலையை உருவி எடுத்தார்கள். அதைக் கிழிக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. யனுஷன் அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டான்.

வான் மிச்சத்து வீதிக்குள் திரும்பியபோது பத்து நாற்பது. வீட்டு வாசலில் கறுப்பு வாகனம் நின்றது. கண்ணாடிக்குள் பெட்டி, அதற்கு மேல் வெள்ளைப் பூ. டொலறஸ் அக்கா கறுப்புச் சேலையோடு கேற்றில் நின்றார். பத்து நிமிடமாகத் தம்பியின் மனுசிக்குக் காவலாக அவர்தான் நின்றிருக்கிறார். றெஜினோல்ட் கிட்டப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பிந்திப்போனன்,” என்றார் றெஜினோல்ட், கண்ணாடியைப் பார்த்து. அக்காவுக்குச் சொன்னாரா பெட்டிக்குச் சொன்னாரா என்று ஜெஸ்ரினுக்குத் தெரியவில்லை. அவள் அப்பாவின் கையிலிருந்த சட்டத்தை வாங்கி, திருப்பிப் பார்த்தாள். “அம்மா,” என்றாள்.

கோயிலில், பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று கால் தாங்கி ஒன்றில் படத்தை வைத்தார்கள். சனம் வரிசையாக வந்தது. முதலில் வந்த உறவுக்காரர் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இரண்டு பேர் காதுக்குள் குசுகுசுத்தார்கள். டொலறஸ் அக்கா, பாத்தியே நான் சொன்னதை என்பதுபோல முன்வாங்கில் நிமிர்ந்து இருந்தார். பிழை விட்டுவிட்டேனோ என்று றெஜினோல்ட் நினைத்தார்.

பிறகு பள்ளிக்கூடக் கிச்சின் ஆட்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள், ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு பருமன். முன்னால் வந்த இத்தாலிக்காரி படத்துக்கு முன்னால் நின்றாள். “செசெனாத்திக்கோ!” என்று கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டாள். கத்தியவள் சிரித்தாள். கூட வந்தவர்களுக்கும் சிரிப்பு வந்தது. “தட்ஸ் ஆர் ஏஞ்சி,” இதுதான் எங்கள் ஏஞ்சி என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே அழத் தொடங்கினாள். அழுகையும் சிரிப்புமாக அவர்கள் ஆளையாள் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பின்னால் வரிசையில் நின்ற சனம் எட்டி எட்டிப் படத்தைப் பார்த்தது. பார்த்தவர்கள் ஒவ்வொருவர் முகமாக இளகியது. பின் வாங்கில் இருந்த போலந்துக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

சுவாமியார் பூசை உடுப்புப் போடப் போன நேரம் டொலறஸ் அக்கா எழும்பினார். தடியை ஊன்றி மெல்ல நடந்து படத்துக்குக் கிட்ட வந்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கி, முகத்தைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். பிறகு குனிந்து கீழே பார்த்தார்.

“இந்த நிழல் ஆற்றை?”

“என்ரைதான், அக்கா.”

“கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய்.” அக்காவின் குரல் தழுதழுத்தது. “அவளை வழியனுப்புற மாதிரி.”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதோடு முடிந்தது. வந்த சனமெல்லாம் அப்படித்தான் நினைத்திருக்கும். றெஜினோல்டுக்கு அந்த ஓம் தொண்டைவரை வந்தது.

“இல்லை அக்கா,” என்றார். “வாயை மூடும் எண்டு சொன்னனான்.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“அவள் மூடேல்லையே,” என்றார்.

“இல்லை.”

“அருமையான பிள்ளை.”

பாட்டு தொடங்கியது. சுவாமியாருக்காகப் பெரிய கதவைத் திறந்தார்கள். நொவெம்பர் காற்று உள்ளே அடித்து, வாங்குகளில் கிடந்த பாட்டுத் தாள்களைக் கிளப்பியது. தாங்கி ஒரு ஆட்டம் ஆடியது. டொலறஸ் அக்கா தடியை றெஜினோல்டிடம் கொடுத்துவிட்டு, கதவு மூடும்வரை இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.